மலைப்பாதையும் மதிப்பெண்ணும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறிச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கிறது. புதிதாகச் செல்வோர் முதல் பத்து வளைவுகளை ஆர்வத்தோடு எண்ணுவர். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுச் சன்னல் கம்பியைப் பற்றிக்கொள்வர். மலையில் பிறந்தவர்களோ எதையும் எண்ணுவதில்லை, தூங்கிவிடுகிறார்கள்.

ஓராண்டு சூன் மாதத்தில் நாம் அவ்வழியே பேருந்தில் சென்றபோது, எதிர்ப்புற இருக்கையில் தூங்காமல் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தியின் மடியில் அட்டை கிழிந்த நூல் ஒன்றைக் கண்டோம். நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை ஆகிய இருவரும் எழுதிய நுண்கணித நூல் அது. தமிழகக் கல்லூரிகளில் கணிதம் பயின்றோருள் அந்நூலைத் தொடாதவர் மிகச் சிலரே. நாமும் அதையே படித்து, அதைக் கொண்டே பல்லாண்டு கற்பித்து ஓய்வு பெற்றோம். பழைய நண்பர் ஒருவரை வழியில் கண்டாற்போன்ற உணர்வு மேலிட, அவளிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"பரீட்சையாம்மா?"

"அரியர்ங்க ஐயா. கால்குலஸ் பேப்பர் போயிருச்சு. நவம்பர்ல மறுபடி எழுதணும்."

"எவ்வளவு வந்தது?"

"இன்டர்னல் 25-க்கு 17. எக்ஸ்டர்னல் 75-க்கு 28. ரெண்டு மார்க்குல போயிருச்சுங்க."

"மறுமதிப்பீடு கேட்கவில்லையா?"

"அதுக்குப் பணம் கட்டணும்ங்க. தேதி முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது."

இரண்டையும் கூட்டினால் 45. நூற்றுக்கு 40 பெற்றால் தேர்ச்சி என்பது விதி. ஆயினும் அவள் தேறவில்லை. வெளித்தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 பெற்றாக வேண்டும் என்று மற்றொரு விதி இருக்கிறது. அவளை நாள்தோறும் கண்ட ஆசிரியை 68 விழுக்காடு என்று மதிப்பிட்டார். அவளை ஒருநாளும் காணாத ஒருவர் 37 விழுக்காடு என்று மதிப்பிட்டார். இருவரும் மதிப்பிட்டது ஒரே மாணவியை, ஒரே பாடத்தில். யார் சொன்னது உண்மை? பேருந்து இருபதாம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தபோது எழுந்த இக்கேள்வி இன்றளவும் நம்மை விட்டபாடில்லை. இந்த 'உள்', 'வெளி' என்னும் பிரிவுகள் எப்போது, எதன்பொருட்டு வகுக்கப்பட்டன என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

கல்லூரிக் கணிதத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட வாசகர்களுக்காக இன்றைய ஏற்பாட்டைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். ஆண்டு இரண்டு பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பருவத்திற்கு ஒரு தாள். ஒரு தாளுக்கு ஐந்து அலகுகள். வகையீட்டில் தொடங்கி, வளைவு ஆரம், தழுவி, தொகையீட்டின் குறைப்பு வாய்ப்பாடுகள், இரட்டைத் தொகையீடு, பீட்டா காமா சார்புகள் என்று போகும். திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்றவற்றில் வெளித்தேர்வு வினாத்தாள் மூன்று பகுதிகளாக அமைந்துவந்தது. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது'. பத்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தில் மூன்று. ஆக மொத்தம் 75. எஞ்சிய 25-ஐக் கல்லூரி ஆசிரியர் இடுகிறார். உள்தேர்வுகள், ஒப்படைப்பு, கருத்தரங்கு, பல இடங்களில் வருகைப்பதிவு ஆகியவை அதற்குள் அடக்கம். ஐந்து அலகுகளில் மூன்றை நன்றாக உருப்போட்டு இரண்டை விட்டுவிட்டாலும் தேறிவிடலாம் என்பது மாணவரிடையே வழிவழியாக வரும் அறிவு. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

வெளித்தேர்வின் கதை 1857-இல் தொடங்குகிறது. 1854-ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களில் அவ்வாண்டு பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. மூன்றுக்கும் முன்மாதிரி இலண்டன் பல்கலைக்கழகம். அன்றைய இலண்டன் பல்கலைக்கழகமோ பாடம் நடத்தும் இடமன்று. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு. அவ்வழியிலேயே சென்னைப் பல்கலைக்கழகமும் தொடக்கத்தில் கற்பிக்கவில்லை. தேர்வு மட்டும் நடத்தியது. கற்பித்தவை அதனோடு இணைக்கப்பட்ட கல்லூரிகள். இவ்வாறு, கற்பிப்பவர் வேறு, கேள்வி கேட்பவர் வேறு, விடை திருத்துபவர் வேறு என்னும் நிலை நம் உயர்கல்வியின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது.

இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிடல் தகாது. நாகப்பட்டினத்தில் 1844-இல் தோன்றி 1883-இல் திருச்சிக்கு மாறிய இயேசு சபையாரின் தூய வளனார் கல்லூரியில் படித்தவரும், அரசுக் கல்லூரியில் படித்தவரும், ஏதோ ஒரு சிற்றூர்க் கல்லூரியில் படித்தவரும் ஒரே வினாத்தாளை எழுதினர். விடைத்தாளில் பெயர் இல்லை. எண் மட்டுமே இருந்தது. பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஒரு நாட்டில், பெயரில்லாத் தாள் என்பது சிறிய காரியமன்று. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மேலேறி வந்த குடும்பங்கள் நம் பங்குகளிலேயே எத்தனையோ உண்டு.

ஆனால் அதே எண் யாரையெல்லாம் மறைத்தது என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. சீனிவாச இராமானுசன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர மற்றவற்றைக் கவனியாமல் ஆங்கிலத்தில் தவறியதால் அதை இழந்தார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வை எழுதினார், தவறினார். மறு ஆண்டு தனித்தேர்வராக மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். எல்லாப் பாடங்களிலும் ஒருசேரத் தேறினாலன்றி மேலே செல்ல இயலாது என்பது அக்காலத்து விதி.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இராமானுசனைக் கணித உலகிற்குள் இழுத்துச் சென்ற நூல், கார் என்னும் ஆங்கிலேயர் 1880-லும் 1886-லும் வெளியிட்ட ஒரு தொகுப்பு. சில ஆயிரம் முடிவுகளை எண்ணிட்டு அடுக்கி, நிறுவல்களை மிகச் சுருக்கமாகவே தந்த நூல் அது. கார் தேர்வுக்கு மாணவரைத் தயார்செய்யும் தனிப் பயிற்சியாளர். கேம்பிரிட்சின் 'டிரைப்பாஸ்' தேர்வுக்குச் செல்வோரை மனத்திற்கொண்டு அதனை எழுதினார். தேறியவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிடும் தேர்வு அது. அந்தப் பட்டியலில் நான்காம் இடம் பெற்ற ஹார்டி, பின்னாளில் அவ்வரிசை முறையை ஒழிக்கப் போராடியவர்களுள் ஒருவரானார். 1909-க்குப் பின் அது கைவிடப்பட்டது. தேர்வுக்கென்று எழுதப்பட்ட ஒரு துணைநூல், எஃப்.ஏ. தேர்வில் தேறாத ஒருவரை உருவாக்கிற்று. தேர்வை வெறுத்த ஒருவர் அவரைக் கண்டுகொண்டார். சென்னைப் பல்கலைக்கழகமும் 1913-இல் தன் விதிகளைத் தளர்த்தி, தான் இருமுறை தவறச் செய்த அந்த இளைஞருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அந்த 75 என்னும் எண், பேருந்தில் அம்மாணவி சொன்ன 75-ஐ நினைவூட்டி நம்மை உறுத்துகிறது. வேறு தொடர்பு ஏதுமில்லை.

எல்லாரும் இராமானுசன் அல்லரே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேதைகளைச் சான்று காட்டித் தேர்வுகளைப் பழிப்பது எளிது. ஆகவே மற்றொரு வகுப்பறைக்குச் செல்வோம். அதுவும் நமக்கு நெருங்கிய ஒன்றே.

அருட்தந்தை சார்லஸ் ரசீன், பிரான்சு நாட்டில் 1897-இல் பிறந்த இயேசு சபைக் குரு. 1934-இல் பாரிசில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எலி கார்த்தான் போன்ற பெருங்கணிதரிடம் பயின்றவர். 1937-இல் இந்தியாவுக்கு வந்து முதலில் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், 1939 முதல் சென்னை இலயோலா கல்லூரியிலும் பணியாற்றினார். அக்காலத்துக் கணித ஆனர்சு வகுப்பின் பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தன. அவை பழைய கேம்பிரிட்சு வழியைப் பெரிதும் தழுவியவை. நுட்பமான கணக்குகளை விரைந்து போடும் திறனை அவை சோதித்தன. ரசீன் அடிகளாரோ பாடத்திட்டத்தின் வேலிக்குள் நின்றவரல்லர். பாரிசில் அப்போது புதிதாக வளர்ந்துகொண்டிருந்த கணிதத்தைப் பற்றிப் பேசுவார். பிரெஞ்சு நூல்களைப் படிக்கத் தூண்டுவார். அவரது விரிவுரைகள் ஒழுங்காகவோ தெளிவாகவோ இருந்ததில்லை என்று அவருடைய மாணவர்களே பின்னாளில் அன்போடு நினைவுகூர்ந்துள்ளனர். தேர்வுக்கு உதவும் ஆசிரியர் என்று அவரை யாரும் கருதியிருக்க முடியாது.

ஆனால் அவருக்கு வேறொரு திறன் இருந்தது. எதிரில் அமர்ந்திருப்பவன் யார் என்பதை அவர் அறிந்தார். மு. சீ. நரசிம்மன், சி. எஸ். சேஷாத்ரி, இராகவன் நரசிம்மன், சி. பி. இராமானுசம் ஆகியோர் அவ்வகுப்புகளிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின்பால் நெறிப்படுத்தியவர் அவரே. நரசிம்மனும் சேஷாத்ரியும் இணைந்து 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்று உலகெங்கும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. சேஷாத்ரி பின்னர் சென்னைக் கணிதக் கழகத்தை நிறுவினார்.

நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துபவர் சி. பி. இராமானுசம். 1957-இல் அவர் ஆனர்சு தேர்வில் பெற்றது இரண்டாம் வகுப்பு. பல்கலைக்கழகத்தின் கணக்கில் அவ்வளவுதான். அந்த இரண்டாம் வகுப்பை மட்டுமே நோக்கியிருந்தால் பம்பாய் நிறுவனம் அவரைச் சேர்த்திருக்குமா என்பது ஐயமே. ரசீன் அடிகளார் பரிந்துரைக் கடிதம் எழுதினார். இம்மாணவனிடம் தனக்கென்று சிந்திக்கும் ஆற்றலும், விடாது தேடும் வேட்கையும் உள்ளன. வாய்ப்புத் தந்தால் நல்ல ஆய்வாளனாவான் என்பது அதன் கருத்து. அவ்வாறே ஆயிற்று. 1974-இல் 36 வயதில் மறைவதற்குள் அவர் செய்துமுடித்தவை இயற்கணித வடிவியலில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ரசீன் அடிகளாரின் கையில் அன்று உள்மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. 25 இல்லை, 5 கூட இல்லை. இருந்ததெல்லாம் ஒரு கடிதம் எழுதும் உரிமை மட்டுமே. அவர் 1967-இல் ஓய்வு பெற்று 1976-இல் இறைவனடி சேர்ந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்த்தான், ஆசிரியரின் மதிப்பீட்டுக்கும் இடம் தரும் தன்னாட்சிக் கல்லூரிகள் நம் மாநிலத்தில் தோன்றின.

1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக்குழு, நல்ல கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கலாம், ஆசிரியரே தொடர்ந்து மதிப்பிடும் முறையையும் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. 1978-இல் தமிழகத்தில் அது செயலுக்கு வந்தது. இலயோலா, தூய வளனார், சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதலியன அவ்வாண்டே தன்னாட்சி பெற்றன. அதே 1978-இல் தமிழகப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளும் தொடங்கின. கல்லூரிக்கே உரியதாயிருந்த நுண்கணிதத்தின் முதற்பகுதி பள்ளிக்கு இறங்கிவந்தது. ஏனைய கல்லூரிகளுக்கும் காலப்போக்கில் அகமதிப்பீடு பரவி, 25-க்கு 75 என்னும் பங்கீடு பெருவழக்காயிற்று.

ஆசிரியர் கைக்கு 25 வந்ததும் எல்லாம் சரியாயிற்றா? இல்லை. எல்லாருக்கும் 20-க்கு மேல் அள்ளிக் கொடுத்துவிட்டு அமைதியாய் இருப்போரைக் கண்டிருக்கிறோம். எதிர்த்துப் பேசியவனுக்கு 11 இட்டவரையும் கண்டிருக்கிறோம். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்து பேருந்து நின்றுபோன நாள்களுக்கும் சேர்த்து வருகைப்பதிவில் குறைத்த கொடுமையும் நடந்ததுண்டு. முகமறியாத் திருத்துநரிடம் இத்தகைய பகையும் இல்லை, பரிவும் இல்லை.

அந்த முகமறியாத் திருத்துநராகவும் நாம் இருந்திருக்கிறோம். பெரிய கூடம்; நீண்ட மேசைகள்; காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு. பதிவெண் கிழித்தெடுக்கப்பட்டு 'டம்மி எண்' இடப்பட்ட தாள்கள். கையில் சிவப்பு மைப் பேனாவும் விடைக்குறிப்பும். ஒவ்வொரு படிக்கும் இத்தனை என்று குறிப்பில் வகுத்திருக்கும். ஒரு பிற்பகலில் எம் கைக்கு வந்த தாள் தமிழில் எழுதப்பட்டிருந்தது, எழுத்து கோணல். பூச்சியம் முதல் செங்கோணம் வரை சைனின் வர்க்கத்தைத் தொகையிடுக என்பது ஐந்து மதிப்பெண் வினா. விடைக்குறிப்பு, வாய்ப்பாட்டைக் கொண்டு நான்கு படிகளில் செய்திருந்தது. அம்மாணவரோ மூன்று வரி எழுதியிருந்தார். சைனும் கொசைனும் அவ்விடைவெளியில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஆகவே இரண்டின் வர்க்கமும் ஒரே பரப்பை அடைக்கும். இரண்டையும் கூட்டினால் எங்கும் ஒன்று. ஆகவே அச்செவ்வகத்தில் பாதி. விடை சரி. படிகள் இல்லை என்று சொல்லி நாம் இட்டது இரண்டு.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அம்மூன்று வரிகளில் குறையேதும் இல்லை; நாம் நம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த நான்கு படிகளைவிட அவை நுண்கணிதத்தின் உள்ளத்திற்கு அண்மையில் இருந்தன. மறுநாள் காலை சென்று தேடினோம். கட்டு முத்திரையிடப்பட்டு மேலே போய்விட்டிருந்தது. டம்மி எண்ணையும் நாம் குறித்துவைக்கவில்லை. அந்த மூன்று மதிப்பெண்ணால் யார் தவறினாரோ, யாருக்கு வகுப்புக் குறைந்ததோ, அறியோம். பேருந்தில் அம்மாணவி "ரெண்டு மார்க்குல போயிருச்சுங்க" என்றபோது நாம் சன்னலுக்கு வெளியே பார்க்க நேர்ந்தது இதனால்தான்.

கொல்லிமலைக்குக் கல்வி ஏறிவந்த வழியையும் இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும். சாலை வருவதற்கு முன்பே, 1910-களில், ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டு என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறி வாழவந்தியில் குடியமர்ந்தனர். அவர்கள் பாப்டிஸ்டு சபையினர். பள்ளிகளும் மருந்தகமும் நடத்தினர். 1914-இல் அவர்களுக்குப் பிறந்த மகன் பால் பிராண்டு, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்படுத்திய அறுவை மருத்துவராக உலகப் புகழ் பெற்றார். தந்தை 1929-இல் காய்ச்சல் கண்டு மலையிலேயே இறந்தார். இன்று அம்மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மிளகும் காப்பியும் சாமையும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் அவற்றில் தமிழில் படித்து, பட்டப்படிப்புக்குக் கீழே இறங்குகிறார்கள். அங்கே வகையீடு 'டிஃபரன்சியேஷன்' ஆகிவிடுகிறது. நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் விடையெழுதப் பல பல்கலைக்கழகங்கள் இடமளித்தாலும், ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுதும் சுமை மாணவர் தலையிலேயே விழுகிறது.

இவ்விடத்தில் மிலான் நகரத்துக் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மரியா கயத்தானா அஞ்ஞேசி 1748-இல் நுண்கணிதத்திற்கு ஒரு பாடநூல் எழுதினார். அறிஞர் மொழியான இலத்தீனில் அன்று. இத்தாலிய இளைஞர்களுக்கென்று தலைப்பிலேயே குறித்து, அவர்கள் பேசும் மொழியில். முதலில் சாதாரண இயற்கணிதமும் வளைகோடுகளும், பின்னர் வகையீடு, பின்னர் தொகையீடு, இறுதியில் வகைக்கெழுச் சமன்பாடுகள். இன்று நம் பாடத்திட்டங்கள் செல்லும் வரிசையும் ஏறத்தாழ அதுவே. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1750-இல் அவரைப் பொலோஞ்ஞாப் பல்கலைக்கழகத்தில் நியமித்தார். அவர் அங்குச் செல்லவில்லை. தந்தையார் 1752-இல் மறைந்தபின் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்து, 1799-இல் மறைந்தார். இலத்தீன் அறியாதவனும் நுண்கணிதம் அறியலாம் என்பது அந்நூலின் துணிபு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் மாணவர்க்கு அத்துணிபு முழுமையாய்க் கிட்டவில்லை.

மீண்டும் 17-க்கும் 28-க்கும் வருவோம். உள்மதிப்பீடு, வெளிமதிப்பீடு என்னும் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு முறை நம் திருச்சபையின் கல்வி வரலாற்றில் முன்னரே இருந்தது என்பது தேடலின் இறுதியில்தான் நமக்குத் தெரியவந்தது. இயேசு சபையார் 1599-இல் வெளியிட்ட கல்வி நெறிமுறை, கீழ்வகுப்புகளில் மாணவரை மேல்வகுப்பிற்கு ஏற்றும் விதத்தை விரிவாகச் சொல்கிறது. எழுத்துத் தேர்வு உண்டு; அதற்கெனத் தேர்வாளர்கள் உண்டு. ஆனால் அதற்குமுன், வகுப்பாசிரியர் மாணவர் பெயர்களை அகரவரிசையில் எழுதி, மிகச் சிறந்தோர் முதல் நீக்கத்தக்கோர் வரை ஆறு நிலைகளாகப் பகுத்த பட்டியல் ஒன்றைத் தர வேண்டும். நிலைகளை எண்களாலும் குறிக்கலாம். தேர்வில் ஒருவர் ஐயத்திற்குரியவராக நின்றால், அவரது வயது, அவ்வகுப்பில் கழித்த காலம், திறன், உழைப்பு ஆகியவற்றையும் எண்ணிப்பார்த்தே முடிவு செய்ய வேண்டும். (இதே சபையின் மேலாய்வாளர்கள் 1632-இல், கோடுகள் பிரிக்கவியலா நுண்கூறுகளால் ஆனவை என்று கற்பிக்கலாகாது எனத் தடைவிதித்தனர், நுண்கணிதத்தின் விதை அந்த நுண்கூறுகளில்தான் இருந்தது. 1635-இல் அதைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கவலியேரியும் ஒரு துறவியே, வேறு சபையைச் சேர்ந்தவர். நம் வரலாற்றில் பெருமையோடு இதுவும் இருக்கிறது.)

அப்பள்ளிகள் சிறியவை, மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறியவை. பல்லாயிரம் தாள்கள் குவியும் இன்றைய பல்கலைக்கழகத்தில் அவ்வாறே செய்யலாம் என்று நாம் வாதிடவில்லை. பெயரில்லாத் தாளின் நீதியை இழக்கவும் நாம் ஒப்பமாட்டோம். ஆனால் 28 பெற்ற ஒரு தாளையும், அதே மாணவியின் 17-ஐயும் இன்று ஒருவரும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. கணிப்பொறி அவற்றைக் கூட்டுகிறது, பிறகு தள்ளிவிடுகிறது. வகுப்பில் 68 விழுக்காடு பெற்றவள் தேர்வில் 37 பெற்றாளென்றால், ஆசிரியை அள்ளிக் கொடுத்தாரா, திருத்தியவர் எம்மைப்போல் களைத்திருந்தாரா, ஆங்கில வினா அவளுக்கு விளங்கவில்லையா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அத்தகைய சில தாள்களையேனும் எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு பெருஞ்செலவு பிடிப்பதன்று.

ஐம்பதைத் தாண்டிய ஒரு வளைவில் எதிரே மிளகு மூட்டை ஏற்றிய லாரி வர, எமது பேருந்து ஒதுங்கி நின்றது. நாம் அவளிடம் கேட்டோம்: "வளைவு ஆரம் என்று படித்தாயே, அது என்னம்மா?"

சூத்திரத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, நாணித் தலைகுனிந்தாள். பின்னர் வெளியே லாரியைச் சுட்டினாள்.

"இந்த வளைவுக்குள்ள ஒரு வட்டம் போட்டுப் பாத்தா சின்னதா வரும்ங்க. அதான் அந்த லாரி ஒரே திருப்புல திரும்ப மாட்டேங்குது, பின்னால எடுத்து மறுபடி வருது. கீழ அஞ்சாவது வளைவுல வட்டம் பெருசு. அங்க அப்படியே போயிரும்."

லாரி இரண்டாம் முறை திரும்பிக் கீழே இறங்கிற்று. இதை வகுப்பில் சொன்னாயா என்று கேட்டோம். சொன்னதாகவும், ஆசிரியை சிரித்து, கரும்பலகைக்கு அழைத்து அவளையே படம் வரையச் சொன்னதாகவும் கூறினாள். தேர்வில் அந்த வினா வந்ததா என்றதற்கு, வந்தது, சூத்திரத்தில் அடுக்கைத் தவறாக எழுதிவிட்டேன் என்றாள்.

செம்மேட்டில் இறங்குமுன், நவம்பரில் தேர்வுக்கு எப்படிப் போவாய் என்று விசாரித்தோம். காலை முதல் பேருந்தில் கிளம்பினால் நேரத்திற்குப் போய்ச் சேர முடியாதாம். முதல்நாளே இறங்கிச் சேந்தமங்கலத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வாளாம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நூலைப் பாலித்தீன் பையில் சுற்றி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.